சேவைக்குப் போனால் படிப்பு கெட்டுவிடுமா?

கேள்வி அனுப்பிய தம்பிக்குப் பெரம்பூரில் வீடு, பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது: ஊருக்குப் பயன்படும்படி ஏதாவது செய்ய ஆசை. மேடையில் யாராவது நன்றாகப் பேசினால் ஊக்கம் பொங்குகிறது, இரண்டு நாளில் வடிந்துவிடுகிறது. அப்பாவோ, "முதலில் அரியரை முடி, பிறகு ஊருக்கு உழைக்கலாம்" என்கிறார். இரவு ஒரு மணி வரை கைபேசி, காலையில் எழ முடிவதில்லை, உடம்பும் ஊதிக்கொண்டே போகிறது. சேவை, படிப்பு, உடல்நலம் மூன்றில் முதலில் எதைப் பிடிப்பது?

தம்பி, அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் நான். சேவை என்று அலைந்து அரியர் வைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாக் குழுவிலும் பெயர் கொடுத்தவர்கள். பேரணிக்குப் பதாகை பிடிப்பது, விருந்தினருக்குச் சால்வை வாங்குவது, நிழற்படம் எடுப்பது என்று வகுப்பு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே இடத்துக்கு, ஒரே வேலைக்குத் தவறாமல் போய்வந்த பிள்ளைகள் அதனால் படிப்பில் சறுக்கி நான் பார்த்ததில்லை. அப்பாவிடம் பேசும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

கணக்கும் சொல்லலாம். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இதில் சேரும் மாணவரிடம் கேட்கப்படுவது இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் முகாம் ஒன்று. ஆண்டுக்கு 120 மணி. தேர்வும் விடுமுறையும் கழித்தாலும் வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும். நீங்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் திரையைப் பார்க்கிறீர்கள் என்ற கணக்கு உங்கள் கைபேசியிலேயே இருக்கும். அதை அப்பாவிடம் காட்ட வேண்டாம். நீங்கள் மட்டும் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். மூன்றில் முதலில் சேவையைப் பிடியுங்கள். ஆனால் அது உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிற வேலையாக இருக்கட்டும். ஊக்கம் வடிவதில் குற்றம் ஒன்றுமில்லை, எல்லோருக்கும் வடியும். நல்ல பேச்சாளரைத் தேடித் தேடிக் கேட்டு அதை நிரப்பப் பார்ப்பதுதான் வீண் வேலை. ஊக்கம் வடிந்த சனிக்கிழமையிலும் உங்களைக் கிளம்ப வைப்பது, ஐந்தரை மணிக்கே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து "அண்ணன் வந்தாச்சா?" என்று கேட்கும் பிள்ளைதான்.

அதனால்தான் ஒரு நாள் சேவைகள்மீது எனக்குப் பெரிய மரியாதை இல்லை. பிறந்த நாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் கேக் வெட்டுவது அதில் முதல் ரகம். அந்த மாதத்தில் அதே பிள்ளைகள் இன்னும் எத்தனையோ பேருக்குக் கைதட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மெரினாவில் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை பொறுக்குவதை அப்படித் தள்ளிவிட மாட்டேன். அது கண்ணைத் திறக்கும். ஆனால் மறுவாரமும் போகிறவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். அதே இடத்தில் அதே அளவு பிளாஸ்டிக் டம்ளர் கிடப்பதைப் பார்த்த பிறகுதான், இது எங்கிருந்து வருகிறது, யார் அள்ள வேண்டும், தொட்டி ஏன் போதவில்லை என்ற கேள்விகள் எழும். சேவையில் கல்வி தொடங்குவது அங்கேதான்.

உங்களுக்கு என்ன வேலை பொருந்தும்? பி.காம். படிக்கிறவர் நீங்கள். அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவு எடுக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் புத்தம் புதிய பாடம். பத்தாம் வகுப்பு வரை அதன் வாடையே கிடையாது. முதல் மாதத்திலேயே பற்று, வரவு என்று இரண்டு பக்கம் வந்து நிற்கும். வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்காது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற பகுதிகளில் அங்கேயே வளர்ந்த பட்டதாரிகள் மாலை வகுப்புகள் நடத்துகிறார்கள். கூடம் ஒரு படிப்பகமாக இருக்கும், அல்லது கோயிலையோ தேவாலயத்தையோ ஒட்டிய அறையாக இருக்கும். கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தர அங்கே ஆள் கிடைத்துவிடும். கணக்குப்பதிவியல் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் அரிது. நீங்கள் போய் நின்றால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.

அங்கே என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். "கடைக்குச் சரக்கு வாங்கினால் கொள்முதல் கணக்கைப் பற்று வைக்க வேண்டும்" என்று சொல்வீர்கள். ஒரு பிள்ளை, "பணம் போகிறதே அண்ணா, அப்புறம் ஏன் பற்று?" என்று கேட்கும். நீங்கள் விதியை ஒப்பித்துப் பார்ப்பீர்கள். அந்தப் பிள்ளையின் முகம் மாறாது. இரண்டு ஆண்டுகளாக நீங்களும் விதியை ஒப்பித்தே தேர்வு எழுதியிருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் தெரியும். வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தை எடுப்பீர்கள். வருவது ஒரு கணக்கு, போவது ஒரு கணக்கு என்று பிரித்து, நாள்வாரியாக எழுதும் குறிப்பேட்டிலிருந்து கணக்குவாரியான பேரேட்டுக்கும், அங்கிருந்து இரு பக்கமும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வுக்கும் ஒரே பெட்டிக்கடையின் கணக்கைக் கொண்டுபோய்ப் பார்ப்பீர்கள். உங்கள் அரியர் எந்தத் தாளில் என்று நீங்கள் எழுதவில்லை. கணக்கியல் தாளாக இருந்தால், அதற்கு இதைவிட நல்ல டியூஷன் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அப்பா சொன்னதின் மீதிப் பாதிக்குப் பதில் இதில் இருக்கிறது.

சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது இன்னும் கடினம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 25 என்று எழுதினால் "தப்பு" என்று சிவப்புக் கோடு போட்டுவிடாதீர்கள். எப்படி வந்தது என்று கேளுங்கள். ஐந்தில் மூன்று போனால் இரண்டு, ஏழில் இரண்டு போனால் ஐந்து என்று சொல்லும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அது ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. ஆக, கடன் வாங்கிக் கழித்தலை மறுபடி கரும்பலகையில் போட்டுக்காட்டுவதால் பயனில்லை. பத்து ரூபாய்த் தாள் ஐந்தையும் ஒரு ரூபாய் நாணயம் இரண்டையும் கையில் கொடுத்து, "எனக்கு 37 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். மூன்று தாளைக் கொடுத்துவிட்டுத் திகைத்து நிற்கும். ஒரு தாளைச் சில்லறையாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் திகைப்பிலிருந்து அதற்கே தோன்றும். கொஞ்ச நேரம் பிடிக்கும். குறுக்கே பேசாமல் காத்திருப்பதுதான் ஆசிரியர் வேலையிலேயே கடினமான பகுதி.

இந்த வேலைக்கு முறையான வழிகளும் உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடியதால் விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தில் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக இறக்கியது. மாலையில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் வகுப்பு நடந்தது. அதில் பெரும்பாலோர் பெண்கள், அதே தெருவில் வசித்தவர்கள். 2006இல் இதே சென்னையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய பூமி என்ற அமைப்பு வார இறுதிகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறது. எங்கே போனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகளோடு பழக அனுமதிக்கும் இடம் உங்கள் அடையாள அட்டையைக் கேட்க வேண்டும், யார் எவர் என்று விசாரிக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உங்களைப் போல எவரும் உள்ளே வரலாம் என்று பொருள். அந்த இடம் வேண்டாம். பிள்ளைகளைப் படம் எடுத்து வலைத்தளங்களில் போடாதீர்கள். அவர்களுக்குத் தனியாகப் பணமோ பரிசோ கொடுக்காதீர்கள். அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் அண்ணன் இல்லை, கொடுக்கிறவர் ஆகிவிடுவீர்கள்.

கற்பிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. பேசக் கூச்சப்படுகிற மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்லுவது, பார்வையற்றவர்கள் சொல்வதைத் தேர்வில் எழுதித்தரும் வேலை. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. ஆக நான்கு மணி நேரம் கை ஓயாது. கையெழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை, தெளிவாக இருந்தால் போதும். கேள்வித்தாளை முழுதாக ஒருமுறை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள், மதிப்பெண்ணோடு சேர்த்து. அவர் யோசிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. அவர் தவறாகச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் அப்படியே எழுத வேண்டும். அது அவருடைய தேர்வு. எழுதுகிறவரின் படிப்புத் தகுதி பற்றித் தேர்வுக்குத் தேர்வு விதி மாறும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பருவத் தேர்வுக் காலத்தில் இந்த ஆள் பற்றாக்குறை கடுமையாக இருக்கும், ஏனென்றால் எழுதித்தரக்கூடிய மாணவர்களுக்கும் அப்போதுதான் தேர்வு.

ரத்ததானம் பற்றி ஒரு பத்தி போதும். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, கல்லூரிகள் மூடிக்கிடக்கும் கோடை விடுமுறையில் தனியாகப் போய்க் கொடுப்பவர் பெரிய உதவி செய்கிறார். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினால் வருத்தப்படாதீர்கள். காசு செலவில்லாமல் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு செய்தி தெரிந்துவிட்டது, மருத்துவரைப் பாருங்கள். இந்த வழியில் இரும்புச்சத்துக் குறைவைக் கண்டுபிடித்த மாணவிகள் நிறையப் பேர்.

இரவில் விழித்திருப்பதுதான் உங்கள் குணம் என்றால் அதற்கும் வேலை இருக்கிறது! நீலாங்கரைக் கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988இலிருந்து மாணவர் அமைப்பு ஒன்று அந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான வேலிக்குள் மறுபடி புதைத்துவைக்கிறது. ஒரு ஆமை நூறு முட்டைக்கு மேல் இடும். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். வெளியே வரும் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும்; நம் கரையில் வெளிச்சம் ஊர்ப் பக்கம் இருப்பதுதான் சிக்கல். ஈர மணலில் ஏழு கிலோமீட்டர் நடந்தால் கெண்டைக்கால் என்ன சொல்லும் என்பது மறுநாள் தெரியும். உடற்பயிற்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதுண்டு, பாதி விளையாட்டாகத்தான். 2025 ஜனவரியில் இதே கடற்கரைகளில் செத்து ஒதுங்கிய ஆமைகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் ஆமைகள் சிக்கிச் சாகும் இழுவலை என்றால் என்ன, மீனவர் பிழைப்பு என்ன, சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்களாகவே தேடிப் படித்தார்கள்.

உடல்நலம் என்ற மூன்றாவது விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது நிறைய இல்லை. விட வேண்டியதுதான் இருக்கிறது. இரவு ஒரு மணிக்குத் தூங்குகிறவர் காலை எட்டரை மணிக் கல்லூரிக்குக் கிளம்பும்போது முதலில் பலியாவது காலை உணவு. 1920இல் மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். வயிறு காய்ந்தால் படிப்பு ஏறாது என்பது இந்த ஊருக்கு அன்றே தெரியும். 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டது. கையில் காசு இருந்தும் பட்டினியாக வகுப்பில் உட்காருகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். பதினொரு மணிக்குப் பசி தாங்காமல் கேண்டீனில் சமோசாவும் குளிர்பானமும் உள்ளே போகின்றன. உடம்பு ஊதுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. காலையில் வீட்டு இட்லி கிடைக்கவில்லை என்றால் தெருமுனைத் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் இருக்கிறது. புரதத்துக்கு டப்பா மாவு வாங்கச் சொல்லும் பயிற்சியாளரிடம் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்; இரண்டு முட்டையில் ஏறத்தாழ 12 கிராம் இருக்கிறது, சுண்டல் இருக்கிறது, வேர்க்கடலை இருக்கிறது.

உடற்பயிற்சிக்கு உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிடம், அதுவும் வேக நடை அளவில். மாலை வகுப்புக்குப் பெரம்பூரிலிருந்து வியாசர்பாடிக்கு நடந்தே போய் வாருங்கள். கணிசமான பங்கு அதிலேயே கழிந்துவிடும். அங்கே போகிறபோது பிள்ளைகள் கால்பந்து ஆடுவதைப் பார்ப்பீர்கள். வடசென்னைக்கு அது பரம்பரைச் சொத்து. பாடம் முடிந்ததும் அரை மணி நேரம் அவர்களோடு இறங்கி ஆடுங்கள். உங்களுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள். அடுத்த வாரம் பாடத்தைக் கூடுதல் உரிமையோடு கேட்பார்கள். விளையாட்டு இந்த நகரத்தில் யாரை எங்கே கொண்டுபோயிருக்கிறது என்று அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். ஊரின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரின் பெயரைச் சொன்னால் வேலை தரத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெண் தன் ஊர்ப் பெயரை மறைக்காமல் சொல்லிக்கொண்டது அங்குள்ள பிள்ளைகளுக்கு எந்த மேடைப் பேச்சையும்விடப் பெரியது.

மனநலத்தையும் உடல்நலத்தில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 1986இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா என்ற அமைப்பு, தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களின் பேச்சைக் கேட்பதற்குச் சாதாரண மக்களுக்கே பயிற்சி கொடுத்தது. அறிவுரை சொல்லாமல், தீர்ப்புச் சொல்லாமல் கேட்கப் பழகுவதுதான் அந்தப் பயிற்சி. தேர்வில் தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே துணைத்தேர்வு எழுதும் ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்ததில் அவர்கள் எழுப்பிய குரலுக்குப் பங்கு உண்டு. மாலை வகுப்பில் உங்களிடம் ஒரு பிள்ளை வீட்டுச் சண்டையைச் சொல்லி அழும் நாள் வரும். அன்றைக்குக் கணக்கை மூடிவிட்டுக் கேளுங்கள். கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் வகுப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பத்தொன்பது வயதில் தனியாகச் சுமக்கக்கூடிய பாரமில்லை அது.

வெள்ளம் வந்தால் மட்டும் நான் சொன்ன வாரம் ஒருநாள் கணக்கெல்லாம் செல்லாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் இடுப்பளவு நீரில் நின்றதைப் பார்த்தவர்கள் இளைஞர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் உற்சாகத்தில் செய்யும் தவறுகளும் உண்டு. நிவாரணம் என்று பழைய துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குவிக்காதீர்கள், கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். பாய், போர்வை, குடிநீர், சானிட்டரி நாப்கின், பிளீச்சிங் பவுடர், வயதானவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். காலில் புண்ணோடு வெள்ள நீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். படகு ஓட்டுவதை மீனவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இப்படிச் சின்னதாகத் தொடங்கினால் கடைசிவரை சின்னதாகவே இருந்துவிடுமோ என்று நினைக்காதீர்கள். வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரு தோழிகள் தங்கள் இருபதுகளில், தெருவில் மனநோயோடு கேட்பாரற்றுத் திரிந்த ஒரு பெண்ணைக் கண்டு அவருக்கு இடம் தேடினார்கள்; எங்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1993இல் அவர்கள் ஒரு வீட்டை எடுத்துத் தொடங்கியதுதான் இன்று பெரிதாக வளர்ந்திருக்கும் பேனியன் அமைப்பு. ஆனால் நீங்கள் அமைப்பு தொடங்க வேண்டாம். இரண்டாம் ஆண்டிலேயே அமைப்புக்குப் பெயரும் சின்னமும் வைத்துப் பதவிகளைப் பங்கிட்டுக்கொண்டு, மூன்றாம் ஆண்டில் யார் தலைவர் என்று முறைத்துக்கொண்டு நின்ற நண்பர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஏற்கெனவே நடக்கிற இடத்தில் போய் ஒரு கை கொடுங்கள்.

வரும் சனிக்கிழமை போய் விசாரியுங்கள். முதல் இரண்டு வாரம் பாடம் எடுக்காதீர்கள், பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளின் பெயர் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மாதம் வருவேன் என்று மட்டும் சொல்லுங்கள், ஆண்டுக்கணக்கில் வாக்குக் கொடுக்காதீர்கள். பருவத் தேர்வு அட்டவணை வந்த அன்றே அதன் நகலைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, எந்த இரண்டு வாரம் வர முடியாது என்பதைப் பிள்ளைகளிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். அந்த வாரங்களுக்கு உங்கள் கல்லூரியிலிருந்தே தேர்வுத் தேதி மாறுபடும் வேறு பிரிவு நண்பர் ஒருவரைப் பழக்கிவைத்தால் இன்னும் நல்லது. அரியர் தாள் எழுதுகிற வாரத்தில் மட்டும் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அந்த ஒன்றை அப்பாவிடம் எழுதியே கொடுத்துவிடலாம்.